பெரிய டிராக்டரா, நடுத்தர டிராக்டரா?

வெளியூரில் குடியேறி வாழும் நம்மவர்க்குச் சொந்த ஊரிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, எப்பொழுது வருகிறீர்கள் என்பது; மற்றொன்று, எவ்வளவு அனுப்ப முடியும் என்பது. 2024-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் என் தமையனாரின் மகன் தொலைபேசியில் கேட்ட கேள்வி இவ்விரண்டிலும் அடங்காதது. "சித்தப்பா, டிராக்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். 28 குதிரைச் சக்தி போதுமா, 47 குதிரைச் சக்தியாக வாங்கிவிடட்டுமா? நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றான்.

நான் சொல்ல வேண்டும் என்று அவன் எண்ணியதற்குக் காரணம் உண்டு. டில்லியை அடுத்த பரீதாபாத்தில் டிராக்டர் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்த நகரத்துக்கும் டிராக்டருக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவிலே கட்டப்பெற்ற முதல் டிராக்டர், ஐஷர் நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து 1959-இல் வெளிவந்தது இவ்வூரில்தான். எஸ்கார்ட்ஸ் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே, டிராக்டர் என்றால் சித்தப்பாவைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாச் சட்டம்.

ஆயினும் ஓர் உண்மையை அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும். இயந்திரத்தை அறிவது வேறு. நிலத்தை அறிவது வேறு. அரியானாவில் வாழ்பவன் கண்ணுக்குப் பெரிய டிராக்டரே டிராக்டராகத் தோன்றும். இங்கே கோதுமை வயல்கள் பரந்து கிடக்கின்றன. மேடுபள்ளம் பார்த்துச் சமன் செய்யப்பட்டவை. பெரும்பாலான வயல்களுக்கு வண்டிப்பாதை உண்டு. 50 குதிரைச் சக்திக்குக் குறைந்ததைப் பற்றி இங்குள்ள குடியானவர் பேச்சே எடுப்பதில்லை. நம் ஊர்ப்பக்கத்தில் முன்பெல்லாம் உழவு மாட்டின் திமிலையும் கொம்பையும் பற்றிப் பேசிய பெருமிதத்தோடு அவர்கள் குதிரைச் சக்தியைப் பற்றிப் பேசுவர். இந்தக் கண்ணோடு காவிரிப் பாசன நிலத்துக்கு வழி சொல்லப் புகுவது, ஒருவர் அளவைக் கொண்டு மற்றொருவருக்குச் சட்டை தைப்பது போலாகும்.

எங்கள் நிலம் மன்னார்குடிக்கு அருகில் உள்ளது. நஞ்சை 15 மா, அதாவது 5 ஏக்கர். அதுவும் ஒரே இடத்தில் இல்லை, நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இதனோடு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. பிள்ளை குத்தகைக்கு எடுத்திருப்பது 3 ஏக்கர். நான்கு இடங்களில் இரண்டுக்கு மட்டுமே சாலையிலிருந்து நேரே இறங்கலாம். மற்ற இரண்டுக்கும் பிறர் வயலையும் வாய்க்காலையும் வரப்பையும் கடந்துதான் போக வேண்டும்.

அவன் கேள்விக்குப் பின்னால் மற்றொரு கேள்வியும் மறைந்திருந்தது. தந்தை காலமான பின்பு, திருப்பூரில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவன் அவன். டிராக்டர் ஒன்று இருந்தால் தன் நிலத்தையும் உழுது, பிறர் நிலத்தையும் கூலிக்கு உழுது ஊரிலேயே நிலைத்துவிடலாம் என்பது அவன் கனவு. தவணை கட்ட முடியாமற் போனால் மீண்டும் திருப்பூருக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆக, டிராக்டர் அவனை ஊரில் நிறுத்துமா, டிராக்டர்க் கடனே அவனை ஊரை விட்டு விரட்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

பெரிய டிராக்டருக்காக அவன் சொன்ன காரணங்கள் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. "பெரியதைக் கொண்டு சிறிய வேலையையும் செய்யலாம், சிறியதைக் கொண்டு பெரிய வேலையைச் செய்ய முடியாதே, சித்தப்பா" என்றான். அறுவடை முடிந்ததும் வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரத்தை ஓட்டலாம். நெல்மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகலாம். செங்கல்லும் மணலும் ஏற்றலாம் என்று அடுக்கினான். அண்ணியின் கட்சி வேறு. "வண்டி பெரிதானால் கடனும் பெரிதாகுமே, தம்பி. அதைவிட, அந்த உயரத்தில் இவன் உட்கார்ந்து வாய்க்கால் கரையில் இறங்குவதை நினைத்தாலே எனக்கு உறக்கம் வரவில்லை" என்றார். இரண்டுமே நியாயமான பேச்சு. பணத்தில் ஒரு பங்கு நான் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தமையால், தீர்ப்பையும் நானே கொடுக்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டனர்.

தீர்ப்புக்கு முன்னால் கணக்கு. சேற்றிலும் புழுதியிலும் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். 47 குதிரைச் சக்தி டிராக்டர் 6 அடி அகலமுள்ளதை இழுக்கும். 28 குதிரைச் சக்தி டிராக்டருக்கு, நம் பக்கத்துக் களிமண்ணில், 4 அடி அகலமே அளவு. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மூலையில் திரும்பும் நேரத்துக்காகக் கால்பங்கு கழித்தால், பெரியது மணிக்கு 1 ஏக்கர் முடிக்கும். நடுத்தரமானதுக்கு ஏக்கருக்கு ஒன்றரை மணி ஆகும். எங்கள் 8 ஏக்கரில் ஒரு முறை ஓட்டப் பெரியதுக்கு 8 மணி, மற்றதுக்கு 12 மணி. ஆண்டுக்கு இரண்டு போகம், போகத்துக்கு நான்கு ஓட்டு என்றால் பெரியதுக்கு 64 மணி, மற்றதுக்கு 96 மணி. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வேற்றுமை 32 மணிதான். டீசல் செலவும் அப்படியே. பெரியது மணிக்கு அதிகம் குடிக்கும், ஆனால் விரைவில் முடித்துவிடும். ஏக்கர்க் கணக்கில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை.

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டிற்று. சொந்த நிலத்துக்காக மட்டும் என்றால் இரண்டுமே வேண்டாதவை. 64 மணி ஓடுவதற்காக ஓர் இயந்திரத்தை ஆண்டு முழுவதும் கொட்டகையில் நிறுத்தித் தவணை கட்டுவது அறிவுடைமை ஆகாது. வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு டிராக்டர் விடுகிறது, தனியாரும் விடுகின்றனர். வாடகைக்குக் கிடைக்கும் வரையில் அதுவே மலிவு. ஆயினும் வேண்டிய நாளில் கிடைக்க வேண்டுமே! அவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் நாளில் திறக்கப்படவில்லை; ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. தண்ணீர் பிந்தி வரும் ஆண்டில் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் உழவுக்கு நிற்கும். கூலி டிராக்டர் முறை வைத்து வருவதற்குள் நாற்று முதிர்ந்துவிடும். சொந்த டிராக்டரின் மதிப்பு மணிக்கணக்கில் இல்லை. அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது.

இரண்டாவது உண்மை, டிராக்டர் கூலிக்கு ஓடித்தான் தன் கடனை அடைக்க வேண்டும் என்பது. ஆகவே, எங்கள் நிலத்துக்கு எது தகும் என்று கேட்பதை விட்டு, ஊரார் எந்த வேலைக்கு அழைப்பார்கள் என்று கேட்பதே சரி. அதற்கு விடை பரீதாபாத்தில் இல்லை.

"ஒரு சம்பாப் பருவம் பொறு. ஒரு குறிப்பேடு வைத்துக்கொள். உன்னிடம் டிராக்டர் இருந்தால் யார் யார் எந்த வேலைக்கு அழைத்திருப்பார்கள் என்று கேட்டு எழுது. வேலை என்ன, எத்தனை மா, வயலுக்குப் பாதை உண்டா, இப்போது அதை யார் செய்கிறார்கள், இந்த நான்கையும் எழுது" என்றேன். பையனுக்கு ஏமாற்றந்தான். கடைக்காரர் பணம் கட்டினால் நாளையே வண்டி என்கிறார். சித்தப்பாவோ ஆறு மாதம் பொறு என்கிறார்! ஆயினும் எழுதினான்.

அவன் எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், எடையைப் பற்றி அவனுக்கு நான் அறிந்ததை எழுதியனுப்பினேன். 47 குதிரைச் சக்தி டிராக்டர் ஏறத்தாழ 2 டன் எடை. நான்கு சக்கரமும் இழுக்கும் 28 குதிரைச் சக்தி வகை ஏறத்தாழ 1 டன். கட்டாந்தரையில் எடை நன்மை. சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். சேற்றிலோ அதே எடை பகை. களிமண் வயலில் அடித்தட்டு உறுதியாக இருந்தால்தான் பெரிய வண்டி நிற்கும். உளை உள்ள வயலில் அச்சு வரையில் அமிழ்ந்துவிடும். தூக்கி எடுக்க மற்றொரு டிராக்டர் வேண்டும். அமிழாவிட்டாலும், ஆண்டுதோறும் 2 டன் ஏறி இறங்கினால் அடிமண் இறுகும். பின்னால் உளுந்தும் பயறும் விதைக்கும்போது வேர் இறங்கத் தடுமாறும்.

எடை குறைந்தால் இழுவை குறையாதா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன். கலப்பையை டிராக்டரின் பின்னால் சங்கிலியில் கட்டி இழுப்பதற்கு மாறாக, மூன்று முனைகளில் பொருத்தி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை அவர் வகுத்தார். அவ்வாறு பொருத்தும்போது, மண்ணை உழும் கலப்பையின் இழுப்பே பின்சக்கரங்களின் மேல் பாரமாக இறங்கி அவற்றுக்குப் பிடிப்பைத் தருகிறது. 1939-இல் ஃபோர்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட டிராக்டர், 1 டன் எடையே உடையதாய் இருந்தும் தன்னினும் கனத்த வண்டிகளின் வேலையைச் செய்தது. இன்று உலகத்துச் சிறிய, பெரிய டிராக்டர் எல்லாவற்றிலும் இருப்பது அந்த மும்முனை இணைப்புத்தான். நடுத்தர டிராக்டரை விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அண்ணியின் அச்சத்தைப் பற்றியும் எழுதினேன். அதைத் தாய்மனத்தின் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. பின்சக்கரம் சேற்றில் சிக்கி அசையாமல் நிற்கும்போது முன்னோக்கி விசையைக் கொடுத்தால், சக்கரம் சுழல முடியாமையால் வண்டியின் முன்பாகம் மேலெழும். ஒன்றரை நொடிக்குள் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும்; குதித்துத் தப்ப நேரம் இராது. சிக்கினால் பின்னோக்கி எடுக்க வேண்டும். வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு உதவிக்கு ஆள் தேட வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேல் உறுதியான இரும்புச் சட்டகம் வைப்பதைப் புதிய டிராக்டர்களுக்கு முதன்முதல் கட்டாயமாக்கிய நாடு சுவீடன்; ஆண்டு 1959. அதன் பயனாக அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவிலும், பண்ணைகளில் ஓடும் நாற்சக்கர ஏ.டி.வி. வண்டிகளுக்கு 2021 அக்டோபர் முதல் இத்தகைய பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம். சட்டகம் இருந்தால் இருக்கை வார் கட்டியிருக்க வேண்டும். வார் இல்லாத சட்டகம் பாதிக் காவலே.

மற்றோர் ஆபத்து, கருவிகளுக்குச் சுழற்சி கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ, மடித்துக் கட்டிய வேட்டியின் ஓரமோ அதில் பட்டால், ஐயோ என்று சொல்வதற்குள் மனிதனையே இழுத்துவிடும். தண்டின்மேல் உறை கழற்றப்படாமல் இருக்க வேண்டும். அருகில் போகுமுன் எஞ்சினை நிறுத்த வேண்டும். வண்டி சிறிதாயினும் பெரிதாயினும் இந்தச் சுழற்சி ஒன்றே. ஆகவே, சிறிய வண்டி என்பதனாலேயே அச்சம் நீங்கிவிடாது என்பதை அண்ணிக்கும் மறைக்காமல் சொன்னேன்.

தை மாதத்தில் குறிப்பேட்டை அவன் முழுவதுமாகப் படித்துக் காட்டினான். மொத்தம் 41 அழைப்புகள். அவற்றுள் 23, ஒன்று முதல் ஐந்து மா வரையுள்ள சிறு வயல்களில் சேற்றுழவுக்கு. பெரும்பாலானவற்றுக்குப் பாதை இல்லை. 9, தென்னந்தோப்பில் களை மடக்கி உழுவதற்கு. 5, வைக்கோல் கட்டுவதற்கு. எஞ்சிய 4, பாரம் ஏற்றுவதற்கு. பாதையுள்ள பெரிய வயல்களை ஊரில் முன்பே இருந்த நான்கு பெரிய டிராக்டர்கள் உழுதுவிட்டன. வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் வெளியூரிலிருந்து கூட்டமாக வந்து இரண்டு வாரத்தில் வேலையை முடித்துச் சென்றுவிட்டன. சேற்றுழவுக்கும் தோப்புக்குந்தான் ஆள் இல்லாமல் இருந்தது. தென்னை வரிசைக்கு இடையே பெரிய வண்டி புகலாம். ஆனால் தாழ்ந்த மட்டையிலும் பாசனக் குழாயிலும் இடித்துக்கொண்டு திரும்பத் திணறும்.

என் தீர்ப்புக்கு அதற்கு மேல் வேலையில்லை. "சித்தப்பா, ஐந்தாவது பெரிய டிராக்டராக நான் போய் நிற்பதில் பயனில்லை போலிருக்கிறது" என்று அவனே சொல்லிவிட்டான். விலையையும் ஒப்பிட்டான். எங்களுக்குச் சொல்லப்பட்ட விலையில் வண்டிக்கும் வண்டிக்கும் உள்ள வேற்றுமை 1 இலட்சத்துச் சொச்சமே. ஆனால், பெரிய வண்டிக்குப் பெரிய ரோட்டவேட்டர், டிரெய்லர், ஒன்பது கொத்துக் கலப்பை என்று சேர்த்தபோது வேற்றுமை 3 இலட்சத்தைத் தாண்டிற்று. டிராக்டரின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் இங்கே பேசத்தக்கது. 2014-15 முதல் நடந்துவரும் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், சிறு, குறு உழவர்க்கும், ஆதிதிராவிடர், பழங்குடி உழவர்க்கும், பெண் உழவர்க்கும் மானியம் 50 சதவீதம் வரையிலும், ஏனையோர்க்கு 40 சதவீதம் வரையிலும், உச்சவரம்புக்கு உட்பட்டு, கிடைக்க வழியுண்டு. விண்ணப்பம் செய்வோர் பெயரில் பட்டா இருக்க வேண்டும். வெளியூரில் வாழும் நம்மிடையே எத்தனை குடும்பங்களில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கிறது! தமையனார் காலமான மறு ஆண்டே நானும் என் தங்கையும் எங்கள் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தோம். பட்டா அண்ணி பெயரில் இருந்தமையால், மானியத்துக்கும் வங்கிக் கடனுக்கும் அவரே விண்ணப்பிக்க முடிந்தது. ஊரில் உழைப்பவர்க்கு நாம் அனுப்பும் பணத்தைவிட நாம் இடும் கையொப்பம் சில வேளைகளில் பெரிய உதவியாகும்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்குரிய சரக்கு, சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த நாளுக்குப் பின்பு, ஐப்பசியில், தாளடி உழவுக்குச் சரியாக வண்டி வந்து சேர்ந்தது. தவணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அறுவடைப் பணம் கைக்கு வரும் காலத்தை ஒட்டி வங்கியில் கேட்டு அமைத்துக்கொண்டோம். மாதத் தவணைக்கு இசைந்து, நெல் விளையாத மாதங்களில் நகையை அடகு வைப்போர் உண்டு. அது வேண்டாத துன்பம். என் பங்கை நிபந்தனையின்றிக் கொடுத்தேன். முதல் தவணையை அவன் கூலி உழவு வருவாயிலிருந்தே கட்டினான்.

இதனால் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வைக்கோல் கட்டுவதற்கு நாங்கள் இன்னும் பிறரைத்தான் நம்பியிருக்கிறோம். கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோக இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது. இல்லையேல் வாடகை வண்டி. நெடுநேரம் ஓட்டினால் சிறிய வண்டி குலுக்கும் குலுக்கில் இடுப்பு வலிக்கிறது என்கிறான் பிள்ளை. விற்க நேர்ந்தால் பெரிய வண்டிக்குள்ள கிராக்கி இதற்கு இராது. இவையெல்லாம் தெரிந்தே ஏற்றுக்கொண்டவை.

இதைப் படிப்போர், நடுத்தர டிராக்டரே சிறந்தது என்று பொதுவிதியாகக் கொள்ள வேண்டாம். நிலம் ஒரே இடத்தில் 15 ஏக்கராக இருந்து, சாலை ஓரத்தில் அமைந்து, ஊரில் வேறு பெரிய வண்டியும் இல்லையென்றால், நானே 47 குதிரைச் சக்தியை வாங்கச் சொல்லியிருப்பேன். கரும்பும் மஞ்சளும் விளையும் பக்கத்தில் ஆழ உழவு வேண்டும். அங்கே சிறிய வண்டி திணறும். புன்செய்க்கு ஒரு கணக்கு, நஞ்சைக்கு ஒரு கணக்கு, தோப்புக்கு ஒரு கணக்கு. விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். விரலை அளக்காமல் வீக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்துகொண்டு ஊர் நிலத்துக்குப் பணம் அனுப்பும் அன்பர்கள் நம்மில் பலர். பணம் கொடுப்பவர் சொல்லே செல்ல வேண்டும் என்று ஊரில் இருப்போர் மரியாதையால் எண்ணுவர். அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு நாம் இங்கிருந்தபடியே கட்டளையிட்டால், நிலத்தில் கால் வைக்காதவன் தீர்ப்பை நிலத்தில் நிற்பவன் சுமக்க நேரும். கட்டளைக்கு மாறாக நல்ல கேள்விகளைச் சொல்லியனுப்பலாம். கணக்குப் போட்டுக் காட்டலாம். பத்திரத்தில் கையொப்பம் இடலாம். பாதுகாப்புக்குரிய செலவை நாமே ஏற்றுக்கொள்ளலாம். எந்த வண்டி என்பதை, அதன் மேல் நாள்தோறும் ஏறி உட்காரப் போகிறவரே முடிவு செய்யட்டும்.